மனைவிக்கு இன்னொரு ஸ்கேன் எழுதும் முன், கணவரின் இடுப்பை ஒரு தடவை அளந்து பாருங்கள்

1/
போன மாதம் ஓபியில் ஒரு தம்பதி. கல்யாணமாகி நாலு வருஷம். அவருக்கு 34 வயது, அந்தம்மாவுக்கு 31. வந்தது அவருக்கு பிரஷர் பார்க்க. பார்த்து முடித்து மாத்திரை எழுதும்போது, அந்தம்மா தயங்கித் தயங்கி பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"இதையும் ஒரு தடவ பாருங்க டாக்டர். குழந்தைக்காகப் பாத்துட்டு இருக்கோம்."

2/
ரெண்டு இன்ச் தடிமன் இருக்கும் அந்த ஃபைல். தைராய்டு, புரோலாக்டின், ஏ.எம்.எச், வரிசையாக ஃபாலிக்கிள் ஸ்கேன்கள், கர்ப்பப்பைக் குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எச்.எஸ்.ஜி, போதாததற்கு ஒரு லேப்ராஸ்கோபி. முட்டை வளர மாத்திரை மாதக்கணக்கில்.

எல்லாம் மனைவி பெயரில். எல்லா ரிசல்ட்டும் கிட்டத்தட்ட நார்மல். கணவர் பெயரில் ஒரே ஒரு தாள்கூட இல்லை.

3/
"சார், உங்க செமன் ரிப்போர்ட் எங்க?"

"எனக்கு ஒண்ணும் பிரச்சன இல்ல டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்."

நல்லா இருக்கிறவரின் எடை 112 கிலோ. உயரம் 170 செ.மீ. பிஎம்ஐ 38க்கு மேல். இடுப்புச் சுற்றளவு 118 செ.மீ. ராத்திரி குறட்டையில் பக்கத்து ரூம் வரை கேட்குமாம். பிரஷர் 150/96. இவர்தான் நல்லா இருக்கிறார். ஒரு குறையும் இல்லாத அந்தம்மாவுக்குத்தான் வயிற்றில் துளை போட்டுப் பார்த்திருக்கிறோம்.

4/
இந்தத் தொடர் அந்தக் கோபத்தில் எழுதுவது. அவர் மேல் மட்டும் இல்லை. அந்த ஃபைலைத் தாங்கிப் பிடித்த எல்லார் மேலும். என் தொழிலைச் செய்கிறவர்களும் அதில் சேர்த்தி, நானும் சேர்த்தி.

சொல்லப்போவது ஒன்றுதான். குழந்தைக்காகக் காத்திருக்கும் வீட்டில், ஆணின் உடல் எடையும் ஒரு மருத்துவப் பிரச்சனை. அதைப் பார்க்காமல் பெண்ணை மட்டும் சோதித்துக்கொண்டே போவது வைத்தியமே இல்லை.

5/
முதலில் ஒரு அடிப்படை விஷயம். குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் சுமார் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. தனியாகவோ, பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ.

விந்து பரிசோதனைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை. 2 முதல் 7 நாள் உறவு தவிர்த்துவிட்டு ஒரு சாம்பிள் கொடுத்தால் போதும். இவ்வளவு எளிய டெஸ்ட்டைக் கடைசியிலும், லேப்ராஸ்கோபியை முதலிலும் வைத்திருக்கிறோம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த வரிசை இல்லை.

6/
ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? 2021ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டுப்படி, ஒரு மில்லி விந்தில் 1.6 கோடி விந்தணு, மொத்தமாக 3.9 கோடி, அசைவு 42%, சரியான வடிவம் 4%. இவை கீழ் எல்லைகள்.

இது பாஸ் மார்க் கிடையாது. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களில், கடைசி 5% பேர் எங்கே நின்றார்களோ அந்த இடம். 1.5 கோடி வந்தால் குழந்தை பிறக்காது என்றும் இல்லை, 1.7 கோடி வந்தால் உத்தரவாதம் என்றும் இல்லை. ஒரு ரிப்போர்ட் சரியில்லை என்றால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்து போனாலே கவுண்ட் இறங்கும்.

7/
சரி, கொழுப்புக்கும் விந்தணுவுக்கும் என்ன சம்பந்தம்? நம்மூரில் தொப்பையை "பைசா பானை" என்று தட்டிப் பார்த்துச் சிரிப்போம். உண்மையில் அது சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. இருபத்திநாலு மணி நேரமும் வேலை செய்யும் ஒரு ஹார்மோன் பட்டறை.

அங்கே அரோமட்டேஸ் என்று ஒரு என்சைம் இருக்கிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது அதன் வேலை. கொழுப்பு கூடக் கூட இந்த மாற்றமும் கூடும்.

8/
ஈஸ்ட்ரோஜன் ஏறினால் மூளை என்ன நினைக்கும்? "ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது" என்று. உடனே பிட்யூட்டரி சுரப்பி எல்.எச், எஃப்.எஸ்.எச் என்ற ரெண்டு கட்டளைகளையும் குறைத்துவிடும். எல்.எச் குறைந்தால் விரையில் டெஸ்டோஸ்டிரோன் குறையும். எஃப்.எஸ்.எச் குறைந்தால் விந்தணு உற்பத்திக்கான ஊக்கம் குறையும்.

முதலாளிக்குத் தப்பான கணக்கு போவதால் தொழிற்சாலை பாதி ஷிஃப்ட்டில் ஓடுகிறது. தொழிற்சாலையில் பழுது இல்லை. இதை நல்லா மனதில் வையுங்கள், பின்னால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

9/
ரெண்டாவது, சூடு. விரைகள் ஏன் உடம்புக்கு வெளியே பையில் தொங்குகின்றன? உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உற்பத்தியாகும். தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் கொழுப்பு சேர்ந்து மூடினால் அந்தக் காற்றோட்டம் போய்விடும். அதோடு காலை முதல் ராத்திரி வரை நாற்காலியில் உட்கார்ந்தே வேலை என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, இன்சுலின் எதிர்ப்பும் உடம்புக்குள் ஓடும் மெல்லிய அழற்சியும். இவை விந்தணுவின் உள்ளே இருக்கும் டி.என்.ஏவைச் சேதப்படுத்தும். கவுண்ட் ரிப்போர்ட்டில் இது தெரியவே தெரியாது.

10/
நாலாவது, தூக்கம். டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் ராத்திரி தூக்கத்தில்தான் ஏறும், காலையில் உச்சத்தில் இருக்கும். பருமனான ஆண்களில் பலருக்கு ஸ்லீப் ஏப்னியா, அதாவது குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் பிரச்சனை இருக்கிறது. ராத்திரி முழுக்க உடம்பு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தால் ஹார்மோன் எங்கிருந்து ஏறும்?

ஐந்தாவது, சொல்லக் கூச்சப்படுவது. விறைப்புக் குறைபாடு. "வேலை டென்ஷன் டாக்டர்" என்பார்கள். சிலருக்கு டென்ஷன்தான். ஆனால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு இருக்கும் ஆளுக்கு அது ரத்தக்குழாய் அடைக்க ஆரம்பித்ததன் முதல் அறிகுறியாக இருக்கலாம். இதயத்தில் தெரிவதற்குச் சில வருடம் முன்பே அங்கே தெரியும். அதற்கு மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக மாத்திரை வாங்கிப் போட்டு மறைப்பது, தீ பிடித்த வீட்டில் அலாரத்தைப் பிடுங்கிப் போடுவது மாதிரி.

11/
இதெல்லாம் தியரிதானே, ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநில விவசாயக் குடும்பங்களில் ஒரு ஆய்வு 2006ல் வெளியானது. மனைவியின் எடையையும் வயதையும் கணக்கில் எடுத்த பிறகும், ஆணின் பிஎம்ஐ 3 புள்ளி கூடினால் குழந்தைப்பேறு தாமதமாகும் வாய்ப்பு சுமார் 10% கூடியது.

டென்மார்க்கில் ராணுவத் தேர்வுக்கு வந்த 1558 இளைஞர்களிடம் பார்த்தபோது, பிஎம்ஐ 25ஐத் தாண்டியவர்களின் விந்தணு அடர்த்தி சரியான எடை உள்ளவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இவர்கள் வாலிபப் பையன்கள்.

12/
"அது வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன?"

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டு ஆண்களில் 37% பேர் அதிக எடை அல்லது பருமன். அதுவும் பிஎம்ஐ 25 என்ற உலக அளவுகோலில். நம் உடல்வாகுக்கு அந்த அளவுகோலே பெரியது. இந்தியர்களுக்கு 23லேயே அதிக எடை, 25ல் பருமன் என்று 2009லேயே நம் நாட்டு நிபுணர்கள் வகுத்துவிட்டார்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீக்குள் இருக்க வேண்டும்.

கை காலெல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். நம்மூர் பருமன் அப்படித்தான் வரும். இங்கே எடை மிஷினைவிட டேப் முக்கியம்.

13/
அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும். "எங்க சித்தப்பா 110 கிலோ சார், மூணு பிள்ளைங்க."

வாழ்த்துகள். என் தாத்தா சுருட்டு பிடித்து 88 வயசு வரை இருந்தார். அதனால் சுருட்டு நல்லதாகிவிடுமா? பருமன் என்றால் குழந்தை பிறக்காது என்று நான் சொல்லவே இல்லை. பெரும்பாலான பருமனான ஆண்களுக்குக் குழந்தை பிறக்கத்தான் செய்கிறது. ஏற்கனவே ஒரு வருடமாகத் தாமதமாகும் தம்பதியிடம், திருத்தக்கூடிய ஒரு காரணம் கண் முன்னால் நிற்கிறது, அதைப் பார்க்க மாட்டோம் என்று ஏன் அடம்பிடிக்கிறோம்? இதுதான் என் கேள்வி.

14/
எடை குறைத்தால் கவுண்ட் ஏறுமா? இதற்கு 2022ல் டென்மார்க்கிலிருந்தே ஒரு நல்ல பதில் வந்தது.

பருமனான 56 ஆண்கள். எட்டு வாரம், ஒரு நாளைக்கு சுமார் 800 கலோரி மட்டும், மருத்துவக் கண்காணிப்பில். சராசரியாக 16.5 கிலோ குறைந்தது. விந்தணு அடர்த்தி சுமார் ஒன்றரை மடங்கானது. மொத்த எண்ணிக்கை 1.4 மடங்கானது.

பிறகு ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குறைத்த எடையைக் காப்பாற்றியவர்களிடம் அந்த முன்னேற்றம் நின்றது. எடை திரும்பி வந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் நிற்கவில்லை.

15/
அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. விந்தணுவின் அசைவும் விந்தின் அளவும் பெரிதாக மாறவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும். எனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்து உங்களிடம் நீட்டினால், நான் திட்டப்போகும் பவுடர் வியாபாரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு உண்மை. ஆண் எடை குறைத்தால் வீட்டில் குழந்தை பிறக்கும் எண்ணிக்கை இத்தனை சதவீதம் கூடும் என்று உறுதியாகச் சொல்லும் பெரிய ஆய்வு இன்னும் கையில் இல்லை.

16/
ஏன் இல்லை தெரியுமா? சிகிச்சைக்கு முன் எடையைக் குறைத்தால் குழந்தை பிறக்குமா என்று பார்த்த பெரிய ஆய்வுகளை யாரை வைத்துச் செய்தார்கள் என்று பாருங்கள். நெதர்லாந்தில் 2016ல் வந்தது, பெண்களை வைத்து. அமெரிக்காவில் 2022ல் வந்தது, அதுவும் பெண்களை வைத்து. ரெண்டிலும் பிரசவ எண்ணிக்கையில் பெரிய பலன் தெரியவில்லை.

எடை குறைச்சுட்டு வாம்மா என்று பெண்ணிடம் சொல்ல உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். பக்கத்தில் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. நம்மூர் ஓபியில் நடக்கும் ஓரவஞ்சனை ஆராய்ச்சி உலகத்திலும் நடந்திருக்கிறது.

17/
இப்போது இந்தத் தொடரிலேயே முக்கியமான பகுதி. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பருமனான இளைஞர். சோர்வு, ஆர்வமின்மை. எங்கோ ரத்தப் பரிசோதனை. டெஸ்டோஸ்டிரோன் குறைவு. உடனே டெஸ்டோஸ்டிரோன் ஊசி. சில சமயம் ஜிம்மில் மாஸ்டர் கொடுப்பது, சில சமயம் எம்.பி.பி.எஸ் படித்தவரே எழுதிக் கொடுப்பது. "ஆம்பள ஹார்மோன் ஏறுனா குழந்தை நிக்கும்" என்று விளக்கம் வேறு.

நிற்காது. இருக்கிற கொஞ்ச நஞ்ச விந்தணுவும் போகும்.

18/
8ஆம் பதிவுக்குத் திரும்பிப் போங்கள். ரத்தத்தில் ஹார்மோன் ஏறினால் மூளை கட்டளையை நிறுத்தும். ஊசி போட்டால் ரத்தத்தில் ஏறும், மூளை எல்.எச், எஃப்.எஸ்.எச் ரெண்டையும் நிறுத்தும், விரைக்குள்ளே உற்பத்தி படுத்துவிடும். ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் அமோகமாக இருக்கும், விந்தணு பூஜ்யமாக இருக்கும்.

நம்ப முடியவில்லையா? உலக சுகாதார நிறுவனம் இதே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்துப் பார்த்தது. 1990ல் முடிவு வெளியானது. வாரம் 200 மி.கி. ஊசி போட்ட 271 ஆண்களில் 157 பேருக்கு விந்தணு முழுமையாக நின்றது. அவர்கள் வேறு எந்தக் கருத்தடையும் இல்லாமல் ஒரு வருடம் தொடர்ந்தபோது பதிவானது ஒரே ஒரு கர்ப்பம்.

19/
கருத்தடைக்குச் சோதித்த மருந்தை, குழந்தை வேண்டும் என்று வந்தவனுக்குப் போடுகிறோம். இதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்?

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பி வரும். ஆனால் 6 மாதம் முதல் 2 வருடம் வரை ஆகலாம். ஜிம்மில் பல ஸ்டீராய்டுகளைக் கலந்து வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இன்னும் இழுக்கும். அந்த ரெண்டு வருடத்தில் மனைவியின் வயதும் ரெண்டு கூடியிருக்கும்.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஜெல் எதுவும் வேண்டாம். ஹார்மோன் நிஜமாகவே குறைவு என்றால் (காலையில் வெறும் வயிற்றில், ரெண்டு வேறு நாட்களில் பார்த்து உறுதி செய்த பிறகு), மூளையின் கட்டளையைத் தூண்டிவிடும் வேறு மருந்துகள் உண்டு. அதை அதற்கென்று படித்த ஆண்ட்ராலஜி, எண்டோகிரைன் டாக்டர்கள் கொடுப்பார்கள்.

20/
அடுத்து பவுடர். டப்பா மேல் குதிரைப் படம், சிங்கப் படம். மாதம் ஆயிரக்கணக்கில். "கவுண்ட் பூஸ்டர்". உள்ளே பெரும்பாலும் ஜிங்க், ஃபோலிக் ஆசிட், இன்னும் நாலு விட்டமின்.

அமெரிக்காவில் 2370 தம்பதிகளை வைத்து நடத்தி 2020ல் வெளியான ஆய்வு: ஆண்களுக்கு ஆறு மாதம் ஜிங்க், ஃபோலிக் ஆசிட் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரை. விந்தணுவின் தரத்தில் பலன் இல்லை. குழந்தை பிறந்தது ஒரு பக்கம் 34%, மறு பக்கம் 35%. உண்மையான மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் அந்த 34. வயிற்றுக் கோளாறு மட்டும் அவர்களுக்கு அதிகம்.

அந்தக் காசுக்கு நல்ல செருப்பும் தினம் ரெண்டு முட்டையும் வாங்கலாம்.

21/
இனி கருத்தரிப்பு மையங்களுக்கு. எல்லாரையும் சொல்லவில்லை. கணவனின் எடை, சிகரெட், தூக்கம் எல்லாவற்றையும் உட்காரவைத்துக் கேட்கும் நல்ல டாக்டர்களை எனக்குத் தெரியும். ஆனால் "இக்சி பண்ணா ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும், எடையெல்லாம் எதுக்கு?" என்று சொல்லி அனுப்பும் இடங்களும் இருக்கின்றன.

ஒரு விந்தணு போதும், சரி. அந்த ஒன்றின் டி.என்.ஏ நன்றாக இருக்க வேண்டாமா? ஹார்மோன் ஊசிகளைத் தினமும் வயிற்றில் குத்திக்கொள்வது யார்? மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது யாருக்கு? கணவர் செய்யாமல் விட்ட வேலைக்கு மனைவி உடம்பு கொடுக்கும் விலை அது. ஒரு சைக்கிளுக்கு லட்சக்கணக்கில் செலவு, அதுவும் பல வீடுகளில் அவர் தாலிச் சங்கிலியை வைத்து.

22/
ஐ.வி.எஃப் வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. குழாய் ரெண்டும் அடைத்த பெண்ணுக்கும், விந்தணு மிகமிகக் குறைவான ஆணுக்கும் அது வரப்பிரசாதம். மனைவிக்கு 35 தாண்டிவிட்டால் நான் எடையைக் குறைத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு வருடம் உட்காரவும் கூடாது. பெண்ணின் முட்டைக்குக் காலம் முக்கியம். அப்போது ரெண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டும். சிகிச்சை ஒரு பக்கம், எடை ஒரு பக்கம்.

பொதுவாக ஒரு வருடம் முயன்றும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மனைவிக்கு 35க்கு மேல் என்றால் ஆறே மாதத்தில் பாருங்கள். இருவரும் சேர்ந்து போங்கள், முதல் நாளே.

23/
எல்லாப் பழியையும் எடை மேல் போடுவதும் தப்பு. அதுவும் சோம்பேறி வைத்தியம்தான். விரையில் நரம்புச் சுருட்டு (வேரிகோசீல்), சின்ன வயதில் விரை கீழே இறங்காமல் இருந்தது, அம்மைக்கட்டு வந்து விரை வீங்கியது, குழாய் அடைப்பு, மரபணுக் காரணம் என்று பட்டியல் நீளம். கவுண்ட் பூஜ்யம் என்று வந்தால் "தொப்பையக் குறை" என்று சொல்லி அனுப்பக் கூடாது. முழுப் பரிசோதனை வேண்டும்.

பருமனாக இருக்கும் நண்பர்களே, உங்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. மரபணு, வேலை நேரம், தூக்கம், மருந்துகள் என்று எடைக்கு ஆயிரம் காரணம். "வாயக் கட்டு" என்று ஒற்றை வரியில் திட்டி அனுப்பும் டாக்டரும் உங்களுக்குத் துரோகம்தான் செய்கிறார்.

24/
எடை குறைப்பு ஆபரேஷன்? மிக அதிகப் பருமனுக்கு நல்ல சிகிச்சை. டெஸ்டோஸ்டிரோன் நன்றாக ஏறும், தாம்பத்தியம் மேம்படும். ஆனால் விந்தணு எண்ணிக்கையில் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. ஆபரேஷனுக்குப் பின் சத்துக் குறைபாட்டோடு வேகமாக இளைக்கும் மாதங்களில் சிலருக்குக் குறைந்ததாகவும் பதிவுகள் உண்டு. குழந்தைக்காக முயல்கிறவர், ஆபரேஷனுக்கு முன் சாம்பிளை உறைய வைத்துக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

வாரம் ஒரு முறை போடும் புது எடை குறைப்பு ஊசிகள்? தேவைப்படுபவருக்கு உதவும், டாக்டர் பார்த்துக் கொடுக்கட்டும். ஆனால் மனைவியும் அதே ஊசி போடுகிறார் என்றால், கர்ப்பத்துக்கு முயல்வதற்கு முன்பே அவர் நிறுத்த வேண்டும். இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

25/
சரி, என்னதான் செய்வது? ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும். அது முதிர்ந்து வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். ஆக மூன்று மாதம். இன்று நீங்கள் செய்வது மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டில் வரும். பத்து நாள் பட்டினி கிடந்துவிட்டு லேபுக்கு ஓடாதீர்கள்.

அந்த டென்மார்க் ஆட்கள் மாதிரி 800 கலோரியை வீட்டில் நீங்களாக முயல வேண்டாம். குறிப்பாக சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள். லோ சுகர் ஆகிவிடும்.

26/
நான் சொல்வது சாதாரண விஷயம்தான்.

தட்டில் பாதி காய். சாதம் ஒரு கப், ரெண்டாவது தடவை இல்லை. ஒவ்வொரு வேளையும் புரதம்: முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, சுண்டல், பயறு, சோயா, தயிர்.

ஒரு நாளைக்கு அஞ்சு டீ, ஒவ்வொன்றிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே வடை. கணக்குப் போட்டால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடு. முதலில் அங்கே கை வையுங்கள்.

ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சால்னா, அப்படியே படுக்கை. இதை ஏழரை எட்டுக்கு இட்லி, சாம்பார், காய் என்று மாற்றினாலே பேண்ட் லூசாகும்.

27/
தினம் 45 நிமிடம் வேக நடை. வாரம் ரெண்டு மூன்று நாள் தசைக்கு வேலை. ஜிம்முக்குப் போங்கள், தப்பே இல்லை. ஊசியும் பெயர் தெரியாத மாத்திரையும் மட்டும் வேண்டாம்.

சிகரெட், புகையிலைப் பாக்கு முழுதாக நிறுத்தம். சனிக்கிழமைக் கச்சேரியும்தான். பீர் வயிறு என்று பேர் வந்தது சும்மா இல்லை.

குறட்டையும் பகலில் தூக்கமும் இருந்தால் ஸ்லீப் ஏப்னியாவுக்குப் பாருங்கள். ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

100 கிலோ ஆள் முதலில் 7 முதல் 10 கிலோவைக் குறி வையுங்கள். 70க்கு வந்தால்தான் பலன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த அளவிலேயே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும். எடை இறங்கும் அளவுக்கு ஹார்மோனும் ஏறும்.

28/
வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. "எம்புள்ளைக்கு என்ன கொற, அவ வயித்துலதான் கோளாறு" என்று சொல்லும் அம்மாக்களே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் மருமகளுக்கு வேப்பிலைக் கொழுந்தும் விரதமும், மகனுக்கு நெய்யில் மிதக்கும் பிரியாணியும் என்று பிரித்துக் கொடுத்தால் பேரப்பிள்ளை வராது. பேரப்பிள்ளை வேண்டும் என்றால் மகனின் தட்டைப் பாருங்கள். வளைகாப்பு வீட்டில் அந்தப் பெண்ணை ஒதுக்கி உட்காரவைக்கும் உறவுக்காரர்களில் ஒருவராவது, கணவனின் ரிப்போர்ட் என்ன என்று கேட்டதுண்டா?

29/
டாக்டர் நண்பர்களுக்கு. கணவரின் செமன் ரிப்போர்ட் இல்லாமல் மனைவிக்கு எச்.எஸ்.ஜிகூட எழுத மாட்டேன் என்று நாம் எல்லாரும் ஒரு முடிவு எடுத்தால், பாதிப் பிரச்சனை அன்றைக்கே தீரும். கணவர் வெளியே போன் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றால் உள்ளே கூப்பிடுங்கள். எடை பாருங்கள், இடுப்பை அளங்கள், குறட்டை கேளுங்கள். அஞ்சு நிமிடம் ஆகும். ஓபியில் கூட்டம் என்று நானும் பல தடவை அந்த அஞ்சு நிமிடத்தை விட்டிருக்கிறேன். இனி விட மாட்டேன்.

30/
அந்தத் தம்பதி பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார்கள். ஒரு மில்லிக்கு 90 லட்சம். கீழ் எல்லைக்கும் கீழே. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மனைவி பக்கம் திரும்பாமலேயே கேட்டார்: "அப்ப இவளுக்கு அந்த ஆபரேஷன் தேவையே இல்லையா டாக்டர்?"

முதலில் உங்களைப் பார்த்திருந்தால் அன்றைக்கு அது தேவைப்பட்டிருக்காது என்று உண்மையைச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல வழி தெரியவில்லை.

31/
யூரோ டாக்டரிடம் வேரிகோசீல் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பியிருக்கிறேன். தூக்கத்துக்கு டெஸ்ட் எழுதியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து மறுபடி சாம்பிள். குழந்தை நிற்குமா? சத்தியம் செய்ய மாட்டேன். எந்த டாக்டரும் செய்யக் கூடாது. வாய்ப்பு கூடும், அவருடைய பிரஷரும் இதயமும் எப்படியும் பிழைக்கும்.

போகும்போது அந்தம்மா ஃபைலைத் திறந்து, அவர் ரிப்போர்ட்டை முதல் பக்கமாக வைத்துக்கொண்டு போனார்.

உங்களுக்குத் தெரிந்த எந்த வீட்டிலாவது இப்படி ஒரு தடித்த ஃபைல் இருந்தால், இந்தத் தொடரை அந்த வீட்டு ஆணுக்கு அனுப்புங்கள். தயவுசெய்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பாதீர்கள். அவர் படித்தது, பட்டது எல்லாம் போதும்.